கடைசி இரண்டு நிமிடம்: இழுபறி கூடைப்பந்து ஆட்டத்தில் கோச்சின் கையில் இருப்பதும் இல்லாததும்

பாரிஸ் ஒலிம்பிக், 2024 ஆகஸ்ட் 11, பெண்கள் இறுதிப் போட்டி. அமெரிக்கா 67, பிரான்ஸ் 64. ஆட்டம் முடியும் நேரத்தில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து போர்டில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. ஆனால் அவர் கால் த்ரீ-பாயின்ட் கோட்டை மிதித்திருந்தது. மூன்று புள்ளி இரண்டானது. 67–66, தங்கம் அமெரிக்காவுக்கு.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2021 ஜூன் 19 அன்று, என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பிளேஆஃபின், அதாவது லீக்குக்குப் பிந்தைய ஏழு ஆட்டத் தொடர் ஒன்றின், ஏழாவது ஆட்டத்தில் புரூக்ளின் நெட்ஸின் கெவின் டுரான்டுக்கும் இதே கதிதான். ஒரு நொடி மிச்சமிருக்கும்போது அவர் போட்ட கூடை வெற்றிக் கூடையாக இருந்திருக்கும். ஷூ முனை கோட்டில் பட்டதால் 109–109 என்று சமன் ஆனது. ஓவர்டைமில் (சமனானால் ஆடும் கூடுதல் நேரத்தில்) மில்வாக்கி பக்ஸ் 115–111 என்று ஜெயித்தது.

ஷூ இரண்டு அங்குலம் பின்னால் இருந்திருந்தால், இந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றி மறுநாள் வந்த பேச்செல்லாம் தலைகீழாக இருந்திருக்கும். தோற்ற கோச் மேதையாகியிருப்பார், ஜெயித்த கோச் தடுமாறியவராகியிருப்பார். இருவரும் எடுத்த முடிவுகளில் ஒன்றுகூட மாறியிருக்காது. இந்த வழிகாட்டியின் அடிப்படை இதுதான்: முடிவை ரிசல்ட்டோடு சேர்த்து எடை போடாதீர்கள். வாய்ப்பை 45 சதவீதத்திலிருந்து 52 சதவீதத்துக்கு நகர்த்துவது மட்டுமே கோச்சின் வேலை.

பள்ளி, கல்லூரி, மாவட்ட அணிகளைக் கையாள்பவர்களுக்காக எழுதியது என்பதால் கீழே பேசுவதெல்லாம் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளை வைத்துத்தான். என்.பி.ஏ.வும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டமும் உதாரணத்துக்கு வரும். விதி மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறோம். கணக்குகளில் வரும் சதவீதங்கள் கைக்கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஸ்கோர்ஷீட்டில் இருக்கும் எண்ணைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

முதலில், அதிர்ஷ்டம் எவ்வளவு பெரியது?

உங்கள் அணி ஓர் ஆட்டத்தில் 25 த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) எறிகிறது, நீண்டகாலச் சராசரி 36 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 9 விழும். ஆனால் அதே ஆட்டக்காரர்கள், அதே ஷாட்டுகள், அதே தயாரிப்பு இருந்தும், பத்து ஆட்டத்தில் சுமார் மூன்றில் 6 அல்லது அதற்குக் குறைவாகவோ, 12 அல்லது அதற்கு மேலோ விழும். 6க்கும் 12க்கும் நடுவே 18 புள்ளி வித்தியாசம். எதிரணிக்கும் இதே ஊசலாட்டம் உண்டு. ஆக, 3 புள்ளியில் முடிந்த ஆட்டத்தில் யார் சிறந்த அணி என்று ஸ்கோர்போர்டு கிட்டத்தட்ட எதையும் சொல்வதில்லை.

இன்னொரு கணக்கு. இழுபறி ஆட்டங்கள் வெறும் நாணயச் சுண்டல் என்றே வைத்துக்கொண்டால்கூட, பத்து ஆட்டத்தில் ஏழு அல்லது அதற்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு 17 சதவீதம். 12 அணி ஆடும் லீக்கில் சராசரியாக இரண்டு அணிகள் அப்படி ஜெயித்து நிற்கும். அவர்களை நாம் 'நெருக்கடியில் கலங்காத அணி' என்போம். அடுத்த ஆண்டு அவர்கள் 4–6 என்று வந்ததும் 'பசி போய்விட்டது' என்போம்.

இதனால் கோச்சிங் வீண் என்று ஆகிவிடாது. நல்ல அணிகள் 15 புள்ளியில் ஜெயிப்பது பயிற்சியால். அதையெல்லாம் தாண்டி ஆட்டம் இழுபறிக்கு வந்துவிட்டால் மிஞ்சுவது ஏழெட்டு முடிவுகள்தான். அவற்றை மைதானத்தில் நின்று யோசிக்க நேரம் இருக்காது, முன்னாடியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்: சட்டைப் பையில் ஓர் அட்டை

உள்ளங்கை அளவு அட்டை போதும். ஒரு பக்கம் எதிரணியின் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பதிலாகத் தடையில்லாமல் எறியும் ஒரு புள்ளி ஷாட்) பட்டியல்: யார் நன்றாகப் போடுவார், யார் தடுமாறுவார், ஜெர்சி எண்ணோடு. போன ஆட்டங்களின் ஸ்கோர்ஷீட் கிடைத்தால் எண்ணாக எழுதுங்கள். கிடைக்காவிட்டால் வார்ம்-அப்பில் ஆளுக்குப் பத்து ஷாட் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பத்து ஷாட்டை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது, ஆனாலும் வெறும் அட்டைக்கு அது மேல்.

மறுபக்கம் உங்கள் அணிக்கு: பந்தை உள்ளே எறிபவர் யார், அவருக்கு மாற்று யார், கடைசி நேரத்தில் ஃபவுல் வாங்கிக்கொள்ள வேண்டியவர் யார், ஷாட்டுக்கான இரண்டு ப்ளே. இரண்டுக்கு மேல் வேண்டாம். ஏழு ப்ளே எழுதிவைத்த அணிதான் டைம்-அவுட் முடிந்து வெளியே வந்து ஆளுக்கொரு ப்ளே ஆடும்.

போட்டி நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். ஷாட் கிளாக் (பந்து கிடைத்ததும் 24 நொடிக்குள் ஷாட் எடுக்கவைக்கும் கடிகாரம்) உண்டா? அது 14 நொடிக்கும் ரீசெட் ஆகுமா? கடைசி நிமிடத்தில் கடிகாரம் நொடியின் பத்தில் ஒரு பங்கைக் காட்டுமா? உள்ளூர்ப் போட்டிகளில் மூன்றுக்கும் 'ஆமாம்' என்ற பதில் எப்போதும் வராது. கீழே சொல்லும் பாதி உத்திகள் இந்தப் பதில்களைப் பொறுத்தவை.

ஆட்டக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வேண்டும். ஃப்ரீ த்ரோவுக்கு ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஐவரும் கூடி ஐந்து சொல்ல வேண்டும்: ஸ்கோர், நேரம், டீம் ஃபவுல் (அந்தக் குவார்ட்டரில் அணி செய்த மொத்த ஃபவுல்), டைம்-அவுட், அம்பு. அம்பு என்பது ஸ்கோரர் மேசையில் இருக்கும் பொசெஷன் அம்பு. ஜம்ப் பால் சூழ்நிலை (இரு அணியினரும் பந்தைப் பிடித்து இழுப்பது போன்றது) வந்தால் பந்து யாருக்கு என்பதை அதுதான் தீர்மானிக்கும். இது குழந்தைத்தனமாகத் தோன்றினால் 2018 மே 31 அன்று நடந்த என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தைப் பாருங்கள். 107–107. கிளீவ்லாந்தின் ஜார்ஜ் ஹில் 4.7 நொடி மிச்சமிருக்கும்போது இரண்டாவது ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். அவர் அணியின் ஜே.ஆர். ஸ்மித் ரீபவுண்டை (தவறித் திரும்பிய பந்தை) பிடித்தார், வளையத்துக்கு அடியில்தான் நின்றார், ஆனால் பந்தை வெளியே ட்ரிபிள் செய்துகொண்டு (தரையில் தட்டிக்கொண்டு) போனார். கையில் இருந்த ஒரு டைம்-அவுட்டையும் யாரும் கேட்கவில்லை. ஓவர்டைமில் கோல்டன் ஸ்டேட் 124–114. ஃப்ரீ த்ரோ தவறியது அதிர்ஷ்டத்தின் கணக்கு, அதற்குப் பிறகு நடந்தது பயிற்சியின் கணக்கு.

5:00 முதல் 2:00 வரை

இரண்டாம் பாதிக்கு ஓர் அணிக்கு மூன்று டைம்-அவுட். ஆனால் நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றையும் சேமித்து வைக்கும் கோச், கடிகாரம் 2:00 காட்டியதும் ஒன்றை இழக்கிறார். அதனால் 5:00க்கும் 2:00க்கும் நடுவே ஒன்றை எடுத்தே தீருங்கள். காரணம் ஒன்றும் தேவையில்லை. களைத்த பாயின்ட் கார்டுக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) ஒரு நிமிட மூச்சு கிடைத்தாலே லாபம்.

ஃபிபா விதியில் ஆட்டக்காரர் டைம்-அவுட் கேட்க முடியாது. ஹெட் கோச்சோ முதல் உதவிக் கோச்சோ ஸ்கோரர் மேசையில் கேட்க வேண்டும். கேட்டதும் கிடைக்காது: பந்து டெட் ஆகிக் கடிகாரம் நிற்க வேண்டும், அல்லது எதிரணி கூடை போட்டிருக்க வேண்டும். கையில் பந்தோடு ஓடும் அணிக்கு நடுவில் டைம்-அவுட் கிடையாது. டிவியில் என்.பி.ஏ. பார்த்துப் பழகியவர்கள் மேசைக்கு முன்னால் நின்று கத்துவது இதனால்தான். 1993 ஏப்ரல் 5 அன்று அமெரிக்கக் கல்லூரி இறுதிப் போட்டியில் மிச்சிகனின் கிறிஸ் வெபர் 73–71 என்று பின்தங்கியிருந்தபோது, 11 நொடி மிச்சத்தில், இல்லாத டைம்-அவுட்டைக் கேட்டு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினார். ஆட்டம் 77–71 என்று போனது. ஃபிபாவில் அந்தத் தவறு ஆட்டக்காரருக்கு வாய்ப்பே இல்லை. பழி முழுக்க பெஞ்சுக்கு.

நான்கு ஃபவுல் வாங்கிய நட்சத்திர ஆட்டக்காரரை எப்போது திரும்ப இறக்குவது? ஐந்தாவது ஃபவுல் வந்தால் அவர் வெளியே. அந்தப் பயத்தில் அவரை உட்காரவைத்தால், நடக்கக்கூடிய இழப்பைத் தடுக்க நிச்சயமான இழப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம். ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் இறக்கிவிடுங்கள். எதிரணியின் நல்ல ட்ரைவரை (பந்தோடு உள்ளே புகுபவரை) அவர் மேல் விடாமல், மூலையில் நிற்கும் ஷூட்டரை அவரிடம் ஒப்படையுங்கள்.

2:00க்குள்: ஃப்ரன்ட் கோர்ட்டா, பேக் கோர்ட்டா?

கடைசி இரண்டு நிமிடத்திலும் ஓவர்டைமின் கடைசி இரண்டு நிமிடத்திலும் கூடை விழுந்ததும் கடிகாரம் நிற்கும். கூடை போட்ட அணி அந்த இடைவெளியில் ஆள் மாற்றவோ டைம்-அவுட் எடுக்கவோ முடியாது, வாங்கிய அணி முடியும். தடுப்புக்கு ஓர் ஐவர், தாக்குதலுக்கு வேறோர் ஐவர் என்று மாற்றி மாற்றி விட நினைப்பவர்கள் இதை மறந்தால் கூடை போட்ட சந்தோஷத்திலேயே தப்பான ஐவரோடு மாட்டிக்கொள்வார்கள்.

பேக் கோர்ட்டில் (தன் கூடை இருக்கும் பாதியில்; எதிரணியின் கூடை இருக்கும் பாதி ஃப்ரன்ட் கோர்ட்) பந்து கிடைக்க வேண்டிய அணி டைம்-அவுட் எடுத்தால், பந்தை அங்கிருந்தே எறியலாம், அல்லது ஸ்கோரர் மேசைக்கு எதிர்ப்பக்கச் சைடுலைனில் ஃப்ரன்ட் கோர்ட்டில் இருக்கும் த்ரோ-இன் (வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும்) கோட்டிலிருந்து எறியலாம். முடிவு கோச்சினுடையது. முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் ஃப்ரன்ட் கோர்ட் என்பார்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது: எதிரணி கூடை போட்ட பிறகு ஃப்ரன்ட் கோர்ட்டிலிருந்து தொடங்கினால் ஷாட் கிளாக் 14 நொடிதான். பேக் கோர்ட்டிலிருந்து என்றால் 24.

30 நொடி மிச்சம், நீங்கள் ஒரு புள்ளி முன்னால். ஃப்ரன்ட் கோர்ட்டைக் கேட்டால் 16 நொடி மிச்சமிருக்கும்போதே ஷாட் எடுத்தாக வேண்டும், எதிரணிக்கு நிதானமான ஒரு பொசெஷன் (பந்தோடு ஒரு முயற்சி). பேக் கோர்ட்டைக் கேட்டால் எதிரணிக்கு 6 நொடிதான். ஆனால் பிரஸ் டிஃபென்ஸை (முழு மைதானத்திலும் நெருக்கும் தடுப்பை) தாண்டி எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க நம்பகமான இரண்டு ட்ரிபிளர் வேண்டும். இல்லாத அணிக்கு 14 நொடியே மேல். நீங்கள் பின்தங்கியிருந்து 10 நொடிதான் மிச்சமென்றால் கேள்வியே இல்லை, ஃப்ரன்ட் கோர்ட்.

40 நொடிக் கணக்கு

ஆட்டம் சமன், பந்து உங்களிடம், 40 நொடி. 24 நொடியையும் ஆடித் தீர்த்தால் 16 நொடி மிச்சம், கடைசி ஷாட் எதிரணிக்கு. 32க்கும் 30க்கும் நடுவே எறிந்தால் எதிரணி அவர்கள் 24ஐ முழுதாகத் தின்றாலும் உங்களுக்கு 6 நொடிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். இரண்டுக்கு ஒன்று. அதற்காக 9 மீட்டரிலிருந்து கையை மறைத்து நிற்பவர் மேல் எறியக்கூடாது. 38 நொடியிலேயே ஸ்க்ரீன் (தடுப்பவரை உடலால் மறித்தல்) வந்துவிட வேண்டும், 32ல் ஷாட் தானாக வரும். வராவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான ஆட்டத்துக்குப் போங்கள். 28 நொடிக்குக் கீழே பந்து கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம், பொறுமைதான்.

கடைசி ஷாட்டுக்கும் நேரம் உண்டு. சமன் என்றால் 8 நொடியில் ஆட்டத்தைத் தொடங்கி 3 நொடிக்குள் எறிய வேண்டும். தவறினாலும் தோற்க மாட்டீர்கள். ஒரு புள்ளி பின்னால் என்றால் 11ல் தொடங்கி 6ல் எறியுங்கள். தவறினால் ரீபவுண்டுக்கோ ஃபவுல் போடுவதற்கோ நேரம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தைப் பயிற்சி செய்யும் அணிகள்தான் அதிகம்.

இரண்டு புள்ளி பின்னால், ஒரே ஒரு ஷாட்

உங்கள் டூ (இரண்டு புள்ளி ஷாட்) 48 சதவீதம் விழுகிறது. விழுந்தால் ஜெயிக்கவில்லை, ஓவர்டைம் மட்டுமே. அங்கே பாதிக்குப் பாதி என்றால் வெற்றி வாய்ப்பு 24 சதவீதம். த்ரீ 33 சதவீதம் என்றால் வெற்றி வாய்ப்பு நேரடியாக 33. பொது விதி: த்ரீ சதவீதம் டூ சதவீதத்தின் பாதிக்கு மேல் இருந்தால் த்ரீ. ஏறக்குறைய எல்லா அணிக்கும் இது பொருந்தும். உங்கள் முக்கிய ஆட்டக்காரர் ஏற்கெனவே ஐந்து ஃபவுலோடு பெஞ்சில் இருந்தால் ஓவர்டைம் பாதிக்குப் பாதிகூட இல்லை, த்ரீ பக்கம் இன்னும் சாய வேண்டும். உள்ளே புகுந்தால் ஃபவுல் கிடைக்கலாமே என்ற வாதம் நியாயமானதுதான். உங்கள் ட்ரைவர் ஆட்டம் முழுக்க அப்படி ஃபவுல் வாங்கியிருந்தால் டூவுக்குப் போங்கள். இல்லாவிட்டால் அது ஆசை மட்டுமே.

மூன்றில் ஒருமுறைதான் விழும் ஷாட் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அணியிடம் சொல்லிவிடுங்கள். மூன்றில் இரண்டுமுறை தவறும், அப்போது 'ஏன் உள்ளே போகவில்லை' என்று கேட்க நூறு பேர் வருவார்கள்.

பின்தங்கியிருந்து பந்தும் எதிரணியிடம் இருந்தால்

ஒன்றிலிருந்து மூன்று புள்ளி வரை பின்னால், 32 நொடிக்கு மேல் மிச்சம்: ஃபவுல் வேண்டாம். எதிரணி 24ஐத் தின்றாலும் உங்களுக்கு எட்டு நொடி. 24க்குக் கீழே: ஃபவுல் போட்டே ஆக வேண்டும், அதுவும் உடனே, 20லிருந்து 13 வரை துரத்திவிட்டு அப்புறம் போடுவது நேரத்தைத் தெருவில் கொட்டுவது. நடுவில் இருக்கும் எட்டு நொடி உங்கள் தடுப்பைப் பொறுத்தது.

ஃபவுல் போடுவது இலவசம் இல்லை. 60 சதவீதம் போடுபவரைப் பிடித்தாலும் இரண்டு ஃப்ரீ த்ரோவில் சராசரி 1.2 புள்ளி, சாதாரண பொசெஷனைவிட அதிகம். புள்ளியைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். குவார்ட்டரில் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்துதான் இரண்டு ஃப்ரீ த்ரோ. உங்கள் அணி இரண்டு ஃபவுலில் நின்றால் முதல் இரண்டு ஃபவுலுக்கு வெறும் த்ரோ-இன்தான் கிடைக்கும், நேரம் வீண். அதனால் 1:30 வாக்கிலேயே கடுமையாகத் தடுத்து அந்த எண்ணிக்கையை நான்குக்கு ஏற்றிவிடுவது நல்லது. ஓவர்டைமில் இந்த எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது, நான்காம் குவார்ட்டரின் கணக்கே தொடரும்.

மூன்று புள்ளி முன்னால்: ஃபவுலா, தடுப்பா?

கோச்சுகள் நடுவே சண்டை வரும் இடம் இதுதான். பந்து எதிரணியிடம், ஆறு நொடி, நீங்கள் மூன்று புள்ளி முன்னால்.

தடுத்தால்: எதிரணியின் த்ரீ 30 சதவீதம் விழுகிறது, ஓவர்டைமில் பாதி. தோல்வி வாய்ப்பு 15 சதவீதம்.

ஃபவுல் போட்டால்: முதல் ஃப்ரீ த்ரோ விழ வேண்டும், 70 சதவீதம். இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு ரீபவுண்டைப் பிடிக்க வேண்டும், 15 சதவீதம். பிடித்ததைப் போட வேண்டும், 45 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 5 சதவீதத்துக்கும் கீழே, அதுவும் சமன்தான். தோல்வி அதில் பாதி. ஃபவுலை நடுவர் ஷாட்டின் நடுவில் வந்ததாகக் கூப்பிட்டு மூன்று ஃப்ரீ த்ரோ கொடுக்கும் ஆபத்து, இரண்டையும் போட்டுவிட்டு உங்களைத் திரும்ப ஃபவுல் போடும் சங்கிலி, இவற்றைச் சேர்த்தாலும் 15ஐத் தொடுவது அரிது.

எனவே காகிதத்தில் ஃபவுல்தான் சரி. மைதானத்தில் அது கெட்டுப்போகும் வழிகள்:

பந்தை ஆடாமல் ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் அது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் (ஆட்ட நேர்மைக்கு மாறான) ஃபவுல்: இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் போய்விடும். கை பந்தை நோக்கித்தான் போக வேண்டும்.

பந்து இன்னும் த்ரோ-இன் எறிபவர் கையில் இருக்கும்போதே உள்ளே ஓர் ஆளைப் பிடித்தால், கடைசி இரண்டு நிமிடத்தில் அது த்ரோ-இன் ஃபவுல்: ஒரு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் அவர்களுக்கே. 2022ல் வந்த இந்த விதி தெரியாத ஆட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பந்து உள்ளே வந்து ஒருவர் பிடித்த பிறகுதான் ஃபவுல்.

கோட்டுக்கு அருகே பந்தைப் பிடித்து உடனே எழும்புபவரைத் தொடவே கூடாது. வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவரை அல்லது ட்ரிபிளில் இருப்பவரை மட்டும். அந்தச் சந்தர்ப்பம் வராவிட்டால் கையை மேலே தூக்கித் தடுங்கள்.

12 நொடி இருக்கும்போது போடுவது சீக்கிரம். மாறி மாறி ஃப்ரீ த்ரோ நடக்கும், உங்கள் ஆட்களும் தவறவிடுவார்கள். ஆறிலிருந்து மூன்று நொடி வரைதான் சரியான நேரம்.

டீம் ஃபவுல் நான்குக்குக் கீழே இருந்தால் அது வரம். ஃப்ரீ த்ரோ இல்லாமலேயே ஒரு ஃபவுல் போட்டு இரண்டு மூன்று நொடியைத் தின்னலாம், எதிரணி திரும்ப த்ரோ-இன் எடுக்க வேண்டும்.

ரீபவுண்ட்தான் உண்மையான ஓட்டை. ஃப்ரீ த்ரோவின்போது உங்களுக்கு மூன்று இடம், எதிரணிக்கு இரண்டு. உயரமான மூவரை நிறுத்துங்கள், ஒருவர் எறிபவரையே முதுகால் அடைக்க வேண்டும். வேண்டுமென்றே தவறவிடும் பந்தும் வளையத்தைத் தொட்டாக வேண்டும் என்பது விதி. அவசரத்தில் போர்டில் மட்டும் அடிப்பவர்கள் உண்டு, அப்போது பந்து உங்களுக்கு.

எப்போது ஃபவுல் வேண்டாம்? உங்கள் ரீபவுண்ட் பலவீனம், எதிரணியில் நம்பகமான த்ரீ ஷூட்டர் இல்லை, அல்லது இதை நீங்கள் ஒருமுறைகூடப் பயிற்சி செய்ததில்லை. மூன்றாவது காரணம் மட்டும் இருந்தாலே போதும், தடுப்புக்குப் போங்கள்.

இப்போது மியாமிக்கு வருவோம், 2013 ஜூன் 18. என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 28.2 நொடி மிச்சத்தில் 94–89 என்று முன்னால். கோப்பை வழங்குவதற்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூடக் கொண்டுவந்துவிட்டார்கள். மியாமியின் லெப்ரான் ஜேம்ஸ் முதல் த்ரீயைத் தவறவிட்டார், பந்து மியாமிக்கே திரும்பக் கிடைத்தது, இரண்டாவதைப் போட்டார். ஸ்பர்ஸின் கவாய் லெனார்ட் இரண்டில் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டார். அதற்கு முன் மனு ஜினோபிலியும் இரண்டில் ஒன்றுதான். 95–92. ஸ்பர்ஸ் ஃபவுல் போடவில்லை. கோச் கிரெக் பாப்போவிச் உயரமான டிம் டங்கனை வெளியே எடுத்து, த்ரீ கோட்டில் ஆள்மாறித் தடுக்க வேகமான ஐவரை விட்டிருந்தார். லெப்ரானின் த்ரீ தவறியது. தடுப்பு ஜெயித்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் கிறிஸ் போஷ் ரீபவுண்டைப் பிடித்தார், பின்னாலேயே நகர்ந்து மூலைக்குப் போன ரே ஆலனுக்குக் கொடுத்தார், 5.2 நொடி மிச்சத்தில் த்ரீ. ஓவர்டைமில் மியாமி 103–100. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும் கோப்பையும் அவர்களுக்கே.

டங்கனை எடுத்தது தவறா? த்ரீயைத் தடுக்க எடுத்த முடிவு, த்ரீயைத் தடுத்தது. ரீபவுண்டில் விலை கொடுத்தது. இரண்டையும் தட்டில் வைத்தால் கிட்டத்தட்டச் சமமான முடிவு என்பதே எங்கள் கணிப்பு. 6 நொடி வாக்கில் ஃபவுல் போடாததுதான் கேள்விக்குரியது. ஃப்ரீ த்ரோக்கள் வேறு கதை. 80 சதவீதம் போடுபவர் இரண்டையும் போடும் வாய்ப்பு 64 சதவீதம்தான். அப்படிப்பட்ட இருவர் நான்கையும் போடும் வாய்ப்பு 41. நான்கும் விழும் என்று எதிர்பார்த்ததே தப்பு, தவறவிட்டவர்கள் நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்பது அதைவிடப் பெரிய தப்பு.

ஒரு நொடியில் என்ன செய்யலாம்?

கடிகாரம் 0.3 காட்டினால் பந்தைப் பிடித்து எறியலாம். 0.2 அல்லது 0.1 என்றால் பிடிக்க முடியாது. காற்றிலேயே தட்டிவிடவோ நேரே டங்க் செய்யவோ (வளையத்துக்குள் அழுத்தவோ) மட்டும். இந்தப் பத்தில் ஒரு நொடிகள் விளையாட்டல்ல: 2004 மே 13 அன்று டிம் டங்கன் ஸ்பர்ஸை முன்னால் கொண்டுவந்தபோது 0.4 மிச்சம். லேக்கர்ஸின் டெரெக் ஃபிஷர் திரும்பியபடியே பிடித்து எறிந்தார், 74–73. இரண்டு நொடி என்றால் பிடித்து ஒன்றிரண்டு ட்ரிபிள். ஐந்து நொடி என்றால் முழு மைதானமும்: 1995ல் அமெரிக்கக் கல்லூரி அணியான யூ.சி.எல்.ஏ.வின் டையஸ் எட்னி மிசூரிக்கு எதிராக 4.8 நொடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி 75–74 என்று முடித்தார். ஐந்து நொடி இருக்கும்போது கையை உயர்த்திக் கொண்டாடும் பெஞ்சுகளுக்கு இதைப் போட்டுக் காட்டலாம்.

முழு மைதானம் தாண்டி எறிய வேண்டியவரைத் தடுக்க ஆள் விடுவதா? 1992 மார்ச் 28, அமெரிக்கக் கல்லூரி ஆட்டம், டியூக் – கென்டக்கி, ஓவர்டைம், 2.1 நொடி, டியூக் ஒரு புள்ளி பின்னால். கென்டக்கி கோச் ரிக் பிட்டினோ எறிபவர் முன்னால் யாரையும் நிறுத்தவில்லை. கிராண்ட் ஹில் தடையில்லாமல் மறுபாதிக்கு எறிந்தார், கிறிஸ்டியன் லேட்னர் இருவருக்கு நடுவே பிடித்து, ஒரு ட்ரிபிள், திரும்பி எறிந்தார். 104–103. ஐந்துக்கு நான்கு என்ற அனுகூலம் உள்ளே கிடைக்குமே என்ற வாதத்தில் பொருள் உண்டு, ஆனால் இவ்வளவு தூரத்துக்கு எறிதலின் துல்லியமே எல்லாம். மூன்று நொடிக்குக் கீழே, முழு மைதானம் என்றால் உங்கள் உயரமானவரை எறிபவர் முன்னால் கைகளை விரித்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் கூடைக்கு அருகே த்ரோ-இன் என்றால் அதே உயரமானவர் வளையத்துக்கு அடியில் இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு

அன்று இரவு எதுவும் பேசாதீர்கள். மறுநாள் ஒரு தாளில் கடைசி ஐந்து நிமிடத்தின் ஒவ்வொரு முடிவையும் எழுதுங்கள்: நேரம், ஸ்கோர், டீம் ஃபவுல், மிச்ச டைம்-அவுட், என்ன முடிவு, அப்போது தெரிந்திருந்த காரணம். கூடை விழுந்ததா என்ற வரியை எழுதவேண்டாம். ஷாட்டுகளுக்குத் தரம் போடுங்கள்: ஆளில்லாமல் நல்ல ஷூட்டர் எறிந்தால் 'அ', கையைத் தூக்கி நிற்பவர் மேல் எறிந்தால் 'ஆ', ஷாட் கிளாக் முடியும்போது வேறு வழியில்லாமல் எறிந்தால் 'இ'. முடிந்தால் ரிசல்ட் தெரியாத ஒருவரை வீடியோ பார்த்துத் தரம் போடச் சொல்லுங்கள், அந்த ஷாட் வளையத்தை அடையும் முன் நிறுத்திவிட்டு.

பத்து இழுபறி ஆட்டம் சேரும் வரை வெற்றி தோல்வி எண்ணிக்கையைத் தொடாதீர்கள். அதற்குள் தாளில் வேறு சில தெரிய வரும்: 2:00க்கு முன் எடுக்காமல் வீணான டைம்-அவுட் எத்தனை, தப்பான ஆளுக்குப் போட்ட ஃபவுல் எத்தனை, 24 நொடி வேண்டிய இடத்தில் 14ஐக் கேட்டது எத்தனை முறை, கடைசி ஷாட்டுகளில் 'இ' எத்தனை. இவற்றில் ஒன்றுகூட வளையத்தின் மேல் பந்து எப்படித் துள்ளியது என்பதைப் பொறுத்ததல்ல. 2019 மே 12 அன்று அதே கவாய் லெனார்ட், இப்போது டொரான்டோ அணிக்காக, ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்குமுறை துள்ளி உள்ளே விழுந்தது. ஃபிலடெல்ஃபியா 92–90 என்று வெளியேறியது. அந்த ஷாட்டுக்குத் தரம் போடும்போது துள்ளலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: மூலையில், உயரமான ஜோயல் எம்பீட் கையை நீட்டியபடி துரத்திவர, கடிகாரம் முடியும் நேரத்தில் எறிந்தது. தாளில் அது 'இ'.